முதல் கப்பல் போகத்தான் போகிறது: ஈவ் ஆன்லைன் கேள்வி பதில்

ஈவ் ஆன்லைன் விண்வெளி விளையாட்டைப் புதிதாகத் தொடங்கியவர்களும் தொடங்கலாமா என்று யோசிப்பவர்களும் புதுச்சேரி, கடலூர் பக்கமிருந்து கேட்ட கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

அக்கா, என்னிடம் இருப்பது காலேஜுக்காக வாங்கிய சாதாரண லேப்டாப். சர்வர் லண்டனில் இருக்கிறதாம். லேக் அடிக்காதா? மாதாமாதம் பணம் கட்டணுமா?
(கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை)

லேக் பயமே வேண்டாம் தம்பி. துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளில் பிங் (சர்வருக்குத் தகவல் போய்வரும் நேரம்) 150 மில்லிசெகண்டைத் தாண்டினால் வெறுத்துப்போகும். ஈவ் அப்படியில்லை. அதன் சர்வர் நொடிக்கு ஒருமுறைதான் கணக்குப் போடுகிறது. நீங்கள் "சுற்று", "சுடு", "ஓடு" என்று கட்டளை கொடுக்கிறீர்கள், கப்பல் செய்கிறது. விரல் வேகத்தைவிட முன்யோசனைக்குத்தான் இங்கே மதிப்பு. கிராஃபிக்ஸை லோவில் வைத்து, முடிந்தால் எஸ்எஸ்டியில் இன்ஸ்டால் செய்யுங்கள்.

பணம் கட்டாமல் ஆடுவதற்கு ஆல்ஃபா என்று பெயர். 2016 நவம்பரிலிருந்து இருக்கிறது. ஃப்ரிகேட் என்ற சின்னக் கப்பல் முதல் பேட்டில்ஷிப் என்ற பெரிய போர்க்கப்பல் வரை ஓட்டலாம். சந்தா கட்டினால் ஒமேகா. மாதம் ஏறக்குறைய 20 டாலர். ஆல்ஃபாவிலேயே உங்களுக்கு என்ன வேலை பிடிக்கிறது என்று தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகு வேண்டுமானால் கட்டுங்கள். முதல் வாரமே ஒமேகா வாங்கிப் பெரிய கப்பலில் ஏறுகிறவர்கள் அதை இழந்ததும் ஒரேயடியாக விட்டுவிடுகிறார்கள். இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கிறது.

அமார், கால்டாரி, கேலன்டே, மின்மட்டார். விளையாட்டின் இந்த நான்கு நாடுகளில் எதில் தொடங்குவது நல்லது?
(முத்தியால்பேட்டை)

முகம் பிடித்ததை எடுங்கள். மற்ற நாட்டுக் கப்பல்களையும் பிறகு கற்றுக்கொண்டு ஓட்டலாம். இதில் யாரும் மாட்டிக்கொள்வதில்லை.

உள்ளே போனதும் திரை முழுக்க ஜன்னல்கள், எண்கள், பட்டியல்கள். பயிற்சியை முடித்துவிட்டேன். அடுத்து என்ன செய்வது என்றே தெரியவில்லை.
(கடலூர் ஓ.டி.)

பயிற்சி முடிந்ததும் "ஏஜென்சி" ஜன்னலைத் திறந்து கெரியர் ஏஜென்டுகளைத் தேடுங்கள். சண்டை, ஆய்வு, தொழில் என்று தனித்தனி ஆட்கள் இருப்பார்கள். எல்லோரிடமும் போய் வேலையை முடியுங்கள். கப்பலும் காசும் கிடைக்கும். அதைவிட, இந்த உலகத்தில் என்னென்ன வேலை இருக்கிறது என்பது கைப்பழக்கமாக விளங்கிவிடும்.

ஜன்னல்களில் இப்போதைக்கு ஒன்றை மட்டும் பழகுங்கள்: வலப்பக்கம் இருக்கும் ஓவர்வியூ. சுற்றியிருக்கும் கப்பல், கேட் (அடுத்த நட்சத்திர மண்டலத்துக்குப் போகும் வாசல்), ஸ்டேஷன் எல்லாம் தூரத்தோடு அங்கே வரிசையாக வரும். அழகான நெபுலாவைப் பார்த்துக்கொண்டு நடுத்திரையில் க்ளிக் செய்கிறவர்களுக்கு எதுவும் பிடிபடாது. அனுபவசாலிகளின் கண் அந்தப் பட்டியலில்தான் இருக்கும்.

ஸ்கில்கள் நீங்கள் ஆடினாலும் ஆடாவிட்டாலும் நிஜ நேரத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் வெளியேறும் முன் ஸ்கில் பயிற்சி வரிசையில் ஏதாவது ஓடுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு மூடுங்கள்.

ஹைசெக் பாதுகாப்பான இடம் என்றார்கள். வென்ச்சர் கப்பலில் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தேன். யாரோ வந்து அடித்து நொறுக்கிவிட்டார்கள். இது அநியாயம் இல்லையா?
(மஞ்சக்குப்பம்)

வருத்தம் புரிகிறது. ஆனால் விதி அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு நட்சத்திர மண்டலத்தின் பாதுகாப்பு அளவு 0.5 முதல் 1.0 வரை இருந்தால் அது ஹைசெக். 0.1 முதல் 0.4 வரை லோசெக். பூஜ்யமும் அதற்குக் கீழும் நல்செக். ஹைசெக்கில் கான்கார்டு என்ற போலீஸ் உண்டு. அது குற்றத்தைத் தடுக்காது, குற்றம் செய்தவனைத் தண்டிக்கும். சிக்னலில் இடித்துவிட்டுப் போனவனுக்கு அபராதம் போட்டால் நம் வண்டியின் நசுங்கல் சரியாகிவிடாது, அந்தக் கதைதான். கான்கார்டு வந்துசேரச் சில நொடிகள் ஆகும். அதற்குள் முடித்துவிட்டால் போதும், தன் மலிவான கப்பல் போனாலும் பரவாயில்லை என்று கணக்குப் போட்டே வருகிறார்கள்.

ஆகவே நீங்களும் கணக்குப் போட வேண்டும். திரும்ப வாங்க முடியாத கப்பலில் ஏறாதீர்கள். ஈவில் எல்லோரும் சொல்லும் முதல் விதி இதுதான். இதை மனதார ஏற்றுக்கொண்ட அன்றுதான் விளையாட்டே தொடங்குகிறது என்று நான் நம்புகிறேன். வென்ச்சர் மலிவு. இன்ஷூரன்ஸ் போட்டிருந்தால் இன்னும் மலிவு. ஒரே வாரத்தில் நான்கு போனாலும் உங்களால் எழுந்துகொள்ள முடியும்.

இன்னும் சில விஷயங்கள். கப்பலின் பக்கத்தில் ஒரு சின்னப் பாதுகாப்புப் பொத்தான் இருக்கும், அது பச்சையாகவே இருக்கட்டும். பச்சையில் இருந்தால் தெரியாமல் சட்டத்தை மீற முடியாது. மஞ்சளாக மாற்றிவிட்டு அடுத்தவர் பெட்டியிலிருந்து ஒரு பொருளை எடுத்தால், 15 நிமிடத்துக்கு யார் வேண்டுமானாலும் உங்களைச் சுடலாம். வேண்டுமென்றே பெட்டியைப் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு. அறிமுகமில்லாதவர் டூயலுக்கு அழைத்தால் மறுத்துவிடுங்கள். விலையுயர்ந்த சரக்கோடு ஆட்டோபைலட்டில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். அது கேட்டுக்குக் கொஞ்சம் தள்ளி இறங்கி ஊர்ந்துதான் போகும், அங்கே காத்திருக்கும் கொள்ளைக்காரர்களுக்கு அந்த இடைவெளி போதும்.

என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். இதில் ஏமாற்றுக்காரர்கள் அதிகம் என்கிறார்களே. கார்டை எடுத்துப் பணம் போட்டுவிடுவானோ என்று பயமாக இருக்கிறது.
(ஒரு தாய், நெல்லிக்குப்பம்)

அம்மா, நீங்கள் கேட்டது உண்மைதான். ஜிட்டா என்ற பெரிய சந்தையில் "இரண்டு மடங்காகத் திருப்பித் தருகிறேன்" என்று நாள் முழுக்கக் கூவிக்கொண்டிருப்பார்கள். விளையாட்டுப் பணத்தை அப்படிப் பறிப்பதை இந்த விளையாட்டு தடை செய்யவில்லை. யாருக்கும் முன்பணம் கொடுக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுங்கள். விளையாட்டில் கற்றால் வெளியிலும் உதவும்.

நிஜப் பணம் வேறு விஷயம். பிளெக்ஸ் என்பதைக் காசு கொடுத்து வாங்கி விளையாட்டுப் பணமாக மாற்றலாம். கார்டு விவரத்தை அந்தக் கணக்கில் சேமிக்கவே விடாதீர்கள். பரீட்சை நேரத்தில் ஸ்கில் வரிசையை நிரப்பிவிட்டு மூடச் சொல்லுங்கள். ஆடாத நாளிலும் அவன் பின்தங்கிவிட மாட்டான்.

சாதாரண மழைக்கே எங்கள் தெருவில் கரண்ட் போய்விடும். பறந்துகொண்டிருக்கும்போது நெட் அறுந்தால் கப்பல் என்ன ஆகும்?
(தேவனாம்பட்டினம்)

நம் ஊருக்கு மிகவும் தேவையான கேள்வி. சண்டையில் இல்லாதபோது தொடர்பு அறுந்தால், கப்பல் தானே சுமார் பத்து லட்சம் கிலோமீட்டர் தள்ளி ஓடி, ஒரு நிமிட அளவில் மறைந்துவிடும். இன்னொரு ஆட்டக்காரரோடு சண்டையில் இருந்தால் 15 நிமிடம் மறையாமல் விண்வெளியிலேயே கிடக்கும். வார்ப்பைத் (அதிவேகப் பாய்ச்சலைத்) தடுக்கும் கருவியை எதிரி உங்கள் மேல் போட்டிருந்தால் நகரவும் முடியாது. வானம் இருண்டால் ஸ்டேஷனுக்குள் போய்விடுங்கள். ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் போடுவது நல்ல செலவு.

சுரங்கம் அலுப்பாக இருக்கிறது. ஆல்ஃபாவுக்கு வேறு வருமானம் உண்டா அக்கா?
(ரெட்டியார்பாளையம்)

எனக்கு மிகவும் பிடித்த வேலையைக் கேட்டுவிட்டீர்கள்: எக்ஸ்ப்ளோரேஷன், அதாவது மறைந்திருக்கும் இடங்களைத் தேடிப் பொருள் எடுப்பது. ஹெரான், இமிகஸ், மேக்னேட், புரோப் ஆகியவற்றில் ஏதாவது ஒரு ஃப்ரிகேட், புரோப் என்ற தேடும் கருவிகளை வீச ஒரு புரோப் லாஞ்சர் (கப்பல் புரோப் வேறு), பெட்டிகளைத் திறக்க ரெலிக் அனலைசர், டேட்டா அனலைசர். இவ்வளவுதான் முதலீடு.

புரோப்களை வீசினால் வரைபடத்தில் ஒரு சிவப்புக் குறி தெரியும். புரோப்களை அதன் மேல் நகர்த்தி, பரப்பைப் பாதியாகக் குறைத்து, மறுபடி ஸ்கேன். சதவீதம் ஏற ஏறக் குறி நிறம் மாறும். 100ஐத் தொட்டதும் பச்சையாகி, வார்ப் செய்ய முடியும். முதல்முறை அது பச்சையாகும்போது வரும் சந்தோஷம் தனி. அங்கே போய்ப் பெட்டியைத் திறக்க ஒரு சின்ன ஹேக்கிங் புதிர் ஆட வேண்டும்.

வார்ம்ஹோல் என்ற விண்வெளித் துளைக்குள் போனால் கவனம். "ஃபர்காட்டன்", "அன்செக்யூர்ட்" என்று ஒரு இடத்தின் பெயர் தொடங்கினால் உள்ளே ஸ்லீப்பர்கள் என்ற கணினி எதிரிகள் காவலிருக்கும். உங்கள் ஃப்ரிகேட் தாங்காது, விட்டுவிடுங்கள். கடற்கொள்ளைக் குழுக்களின் பெயரோடு வரும் ரெலிக், டேட்டா இடங்களில் காவல் இல்லை. அங்கே ஆபத்து மனிதர்களால்தான். மண்டலத்தில் யார் இருக்கிறார்கள் என்று சொல்லும் லோக்கல் பட்டியல் வார்ம்ஹோலில் யாரையும் காட்டாது. ஹேக் செய்துகொண்டே சில நொடிக்கு ஒருமுறை டி-ஸ்கேனை (சுற்றுவட்டாரத்தைக் காட்டும் ஸ்கேனரை) அழுத்துங்கள். அது 14.3 ஏயு தூரம் வரை காட்டும் (ஒரு ஏயு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம்). புதிய கப்பலோ, உங்களுடையது அல்லாத புரோப்களோ தெரிந்தால் பெட்டியை மறந்துவிட்டுக் கிளம்புங்கள்.

வீட்டில் எல்லோருக்கும் பிரெஞ்சுதான் சரளம். ஆங்கிலம் கட்டாயமா?
(புதுச்சேரி)

இல்லை. பிரெஞ்சிலேயே ஆடலாம். பிரெஞ்சு பேசும் கார்ப்புகளும் (ஆட்டக்காரர் குழுக்களும்) இருக்கின்றன.

நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து சொந்த கார்ப் தொடங்கலாமா? பெரிய போர்களில் கலந்துகொள்ள எத்தனை வருஷம் ஆகும்?
(திருப்பாதிரிப்புலியூர்)

சொந்த கார்ப் இப்போது வேண்டாம். ஐந்து பேருக்கும் தெரியாத ஒன்றை ஐந்து பேரும் எப்படிக் கற்பது? முதலில் புதியவர்களுக்குக் கற்றுத்தரும் கார்ப்பில் சேருங்கள். 2004இலிருந்து இயங்கும் ஈவ் யுனிவர்சிட்டி ஒன்று. சேரும் முன் எந்த நேரத்தில் ஆள் இருப்பார்கள் என்று கேளுங்கள். விளையாட்டுக் கடிகாரம் யுடிசி. தினசரிப் பராமரிப்பு அங்கே 11:00, நமக்கு மாலை 4:30. ஐரோப்பியர்கள் வேலை முடிந்து வரும்போது இங்கே இரவு மணி பத்தைத் தாண்டிவிடும். ஆசிய நேரத்திலும் ஆள் இருக்கிற கார்ப் உங்களுக்கு நல்லது.

போருக்கு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. 2014 ஜனவரியில் பி-ஆர்5ஆர்பி என்ற இடத்தில் நடந்த போரில் டைட்டன் என்ற மிகப் பெரிய கப்பல்கள் 75 அழிந்தன. இடத்தைத் தக்கவைக்கும் தொகை உரிய நேரத்தில் கட்டப்படாததில் தொடங்கிய சண்டை அது. கூட்டம் தாங்காமல் சர்வர் நேரத்தையே பத்தில் ஒரு பங்காக மெதுவாக்கியது. ஆனால் இப்படிப்பட்ட சண்டைகளில் புதியவருக்கு என்றே ஒரு வேலை உண்டு: டேக்கிள். வேகமான சின்ன ஃப்ரிகேட்டில் பாய்ந்து, எதிரி தப்பி ஓடாதபடி வார்ப் ஸ்க்ராம்ப்ளரால் பிடித்துவைப்பது. நீங்கள் பிடித்தால்தான் பெரியவர்கள் சுட முடியும்.

கப்பல் அநேகமாகப் போய்விடும். அதனால் கார்ப் சொல்லும் ஃபிட்டிங்கில் (ஆயுத, கருவி அமைப்பில்) அட்ரான் அல்லது ரிஃப்டர் ஃப்ரிகேட் ஐந்தாறை முன்கூட்டியே ஹேங்கரில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று வெடித்ததும் அடுத்ததில் ஏறி ஃப்ளீட்டோடு சேர்ந்துகொள்ளலாம். இம்பிளான்ட் (உடலில் செருகும் திறன் கூட்டி) எதுவும் போடாத குளோனில், அதாவது மாற்று உடலில், போங்கள். கப்பல் வெடித்ததும் நீங்கள் தப்பும் பாட் என்ற கூடு உடைந்தால் இம்பிளான்ட்களும் சேர்ந்து போய்விடும்.