சுவைக் கேள்விகள்: டோநட் செயின் கடையும் நம்ம ஊர் பேக்கரியும்

சென்னையிலிருந்து ராத்திரி ரயிலில் வரும் மகன் ஒரு பெட்டி டோநட் வாங்கி வருகிறான். பெயர் பெற்ற செயின் கடைதான். காலையில் திறந்தால் ரப்பர் மாதிரி இருக்கிறது. அதற்கு நம் தெரு பேக்கரி டோநட்டே மேல் என்கிறேன் நான். வீட்டில் ஒப்புக்கொள்ள ஆளில்லை. — வாசகி, கும்பகோணம்

உங்கள் பக்கம் முக்கால் நியாயம் இருக்கிறது. ஈஸ்ட் போட்டுப் பொரிக்கும் டோநட்டுக்கு ஆயுள் அரை நாள்தான். அதற்குமேல் எந்தப் பெயர்ப்பலகையும் அதைக் காப்பாற்றாது. கிறிஸ்பி கிரீமையே எடுத்துக்கொள்ளுங்கள்: 1937இல் அமெரிக்காவின் வட கரோலைனாவில் தொடங்கிய டோநட் செயின் கடை. சுடச்சுட இறக்கும் நேரத்தில் வாசலில் விளக்குப் போட்டுக் காட்டியே பேர் வாங்கினார்கள். அந்தப் பேர் சூட்டுக்குக் கிடைத்தது. ராத்திரி முழுக்க ரயிலில் வந்த பெட்டிக்கு அதில் பங்கில்லை.

மீதிக் கால் நியாயம் உங்கள் மகன் பக்கம். செயின் கடையில் எடை, கனம், எண்ணெய்ச் சூடு எல்லாம் அளவுப்படி நடக்கும். நம் பக்கத்துப் பேக்கரிகள் பலவற்றில் பன்னுக்குப் பிசைந்த மாவையே வளையமாக வெட்டிப் பொரிக்கிறார்கள். அதில் வெண்ணெயும் முட்டையும் குறைவு, அதனால் சாயங்காலத்துக்குள் வறண்டுவிடும். சமோசா பொரித்த எண்ணெயிலேயே போட்டால் சோம்பு வாசனை வேறு.

ஆகவே உள்ளே சாக்லேட் நிரப்பியது வேண்டுமென்றால் செயின் கடை. சீனி தூவிய சாதா டோநட் என்றால் “எப்போ பொரிச்சது?” என்று கேட்டுவிட்டு நம்ம ஊர் பேக்கரியில் வாங்குங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் டால்டா கிரீமோடு காலையிலிருந்து உட்கார்ந்திருப்பதை யார் விற்றாலும் தொடாதீர்கள். அந்தக் காசுக்குத் தேங்காய் பன் வாங்கிக்கொள்ளலாம்.

இன்னொன்று: மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். 4 டிகிரி குளிரில் மாவுச்சத்து வெளியே இருப்பதைவிட வேகமாக இறுகும், ரப்பர் ஆவது அதனால்தான். டப்பாவில் மூடி வெளியிலேயே வைத்து, சாப்பிடும்போது மைக்ரோவேவில் 8 முதல் 10 விநாடி போதும். அது இல்லையென்றால் தோசைக்கல்லைச் சிறு தீயில் வைத்து, மூடி போட்டு 2 நிமிடம்.

வீட்டில் செய்தால் எண்ணெய் குடிக்கிறது. சில நாள் மேலே கறுத்து நடுவில் மாவாகவே நிற்கிறது. அளவோடு சொல்லுங்கள். — வாசகி, மன்னார்குடி

மைதா 500 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம், சர்க்கரை 60, உப்பு 7, பால் 240 மி.லி., முட்டை ஒன்று, வெண்ணெய் 60 கிராம். பதினான்கு, பதினைந்து டோநட் வரும். வெண்ணெயை முதலிலேயே போட வேண்டாம். மற்றதைப் பத்து நிமிடம் பிசைந்து மாவு வழவழப்பானபின் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். ஒரு துண்டை இழுத்தால் கிழியாமல் மெல்லிய சவ்வு மாதிரி விரிய வேண்டும். கையில் ஒட்டுகிறதே என்று மைதாவைத் தூவிக்கொண்டே போனால் டோநட் கல்லாகும்.

பெரும்பாலோருக்குத் தவறுவது மாவு உப்பும் நேரத்தில்தான். சமையல் குறிப்புகளில் “ஒரு மணி நேரம் மூடி வையுங்கள்” என்று இருக்கும். அது குளிர்ந்த ஊர்க் கணக்கு. சித்திரை, வைகாசியில் நம் அடுப்படி 35 டிகிரிக்குக் குறையாது. முதல் உப்பல் 35, 40 நிமிடத்திலேயே முடிந்துவிடும். வெட்டியபின் இரண்டாவது உப்பலுக்கு 20 நிமிடம் தாராளம். கோடையில் பாலை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தபடியே ஊற்றுங்கள். கடிகாரத்தை விட்டுவிட்டு விரலால் அழுத்திப் பாருங்கள்: குழி மெதுவாகப் பாதி எழும்பினால் பதம். உடனே எழும்பினால் இன்னும் பொறுக்கணும். எழும்பாமலே நின்றால் உப்பல் மீறிப்போச்சு, அதுதான் எண்ணெயில் அமுங்கிக் குடிக்கும்.

12 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, 8 செ.மீ. வட்டமாக வெட்டி, நடுவில் ஒரு சோடா பாட்டில் மூடியால் துளை போடுங்கள். ஒவ்வொன்றையும் சதுரமாக நறுக்கிய பட்டர் பேப்பரில் வைத்தே உப்ப விடுங்கள். பேப்பரோடு எண்ணெயில் இறக்கி, பேப்பரை இடுக்கியால் எடுத்துவிடலாம். கையால் தூக்கினால் உள்ளே பிடித்த காற்றெல்லாம் போய்விடும்.

எண்ணெய் 180 டிகிரி. 160க்கு இறங்கினால் குடிக்கும், 200க்கு ஏறினால் வெளியே கறுத்து உள்ளே வேகாது. உங்கள் இரண்டு புகாருக்கும் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். நூற்றைம்பது ரூபாய்க்கோ முந்நூறுக்கோ ஒரு தெர்மாமீட்டர் வாங்கிவிடுவது மேல். ஒரு பக்கத்துக்கு 60 முதல் 75 விநாடி. ஒரு ஈடுக்கு மூன்றுக்குமேல் போடாதீர்கள், சூடு இறங்கிவிடும். இடுப்பைச் சுற்றி வெள்ளைக் கோடு விழுந்தால் சரியாக உப்பி மிதந்திருக்கிறது என்று பொருள். அதைச் சிவக்க வைக்கப் போராட வேண்டாம்.

சின்ன பேக்கரி வைத்திருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் டோநட் மேல் பூசும் சர்க்கரைப் பாகு வியர்த்து ஒழுகுகிறது. — திருவாரூர்

அடைமழைக் காலத்தில் சர்க்கரை காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். உள்ளே இருக்கும் ஈரமும் மேலே ஏறும். வெறும் பொடிச் சர்க்கரையும் பாலும் கலந்த பூச்சு அதற்குத் தாங்காது. 2 கிராம் கடற்பாசி (சைனா கிராஸ்) தூளை 100 மி.லி. தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்டு, 500 கிராம் பொடிச் சர்க்கரையில் கலந்து, வெதுவெதுப்பாக இருக்கும்போதே பூசுங்கள். ஆறினால் இறுகும், திரும்பச் சூடு காட்டினால் இளகும். டோநட்டும் இளஞ்சூட்டில் இருக்க வேண்டும். ஆறியதில் பூசினால் தடியாக உட்கார்ந்து காயாது, கொதிக்கக் கொதிக்கப் பூசினால் வழிந்துவிடும். பூசியபின் கம்பி வலையில் அரை மணி நேரமாவது விட்டுத்தான் கண்ணாடிக்குள் அடுக்க வேண்டும். சூடு ஆறாமல் பெட்டியில் போட்டு மூடினால் எந்தக் கடற்பாசியாலும் பயனில்லை. மழை வலுத்த நாளில் பூசாமல் வைத்து, கேட்கும்போது சீனியில் புரட்டிக் கொடுப்பது இன்னும் நல்லது.

முட்டை சேர்க்காமல் செய்யலாமா? — பட்டுக்கோட்டை

தாராளமாக. முட்டைக்குப் பதில் 40 கிராம் புளிக்காத கெட்டித் தயிர். சற்றுச் சீக்கிரம் வறளும், அவ்வளவுதான்.

பொரித்த எண்ணெயை எத்தனை முறை பயன்படுத்தலாம்? — மயிலாடுதுறை

முறையை எண்ணிப் பயனில்லை. கடைகளுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்த வரம்பு, எண்ணெயில் மொத்தத் துருவச் சேர்மங்கள் (திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெய் சிதைந்து உண்டாகும் பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது. அதை அளக்கக் கருவி உண்டு. வீட்டில் கண்ணும் மூக்கும்தான்: 180 டிகிரிக்கு முன்பே புகைந்தால், நுரை அடங்காமல் பொங்கினால், தொட்டால் பிசுபிசுத்தால் கொட்டிவிடுங்கள். டோநட் மாவில் சர்க்கரை இருப்பதால் அடியில் விழும் தூள் சீக்கிரம் கருகும். ஒவ்வொரு முறையும் ஆறவிட்டுத் துணியில் வடிகட்டுங்கள். வடிகால் குழாயில் மட்டும் ஊற்றாதீர்கள்.

நடுவில் ஏன் துளை? — மாணவர், நாகப்பட்டினம்

உளுந்து வடைக்கு ஏன் போடுகிறோமோ அதற்குத்தான். நடுவும் ஓரமும் ஒன்றாக வேக வேண்டும். வெட்டி எடுத்த குட்டி உருண்டைகளை வீணாக்காதீர்கள், ஒரு நிமிடத்தில் பொரிந்துவிடும்.