எக்ஸ்ட்ராஆர்டினரி அட்டர்னி வூ: எங்கே ஜெயிக்கிறது, எங்கே சறுக்குகிறது?

கேள்வி: "எக்ஸ்ட்ராஆர்டினரி அட்டர்னி வூ கொரியத் தொடரைப் பார்க்கலாமா? வக்கீல் கதையா, காதல் கதையா? நிறை குறை இரண்டையும் சொல்லுங்கள்."

முழுத் தொடரையும் இரண்டு தடவை பார்த்துவிட்டேன். முதலில் தனியாக, பிறகு சித்தியோடு. சித்தி மகனுக்கு ஆட்டிசம், இப்போது 17 வயது. அவனை மனதில் வைத்துத்தான் இந்தத் தொடரை என்னால் எடைபோட முடிகிறது.

கதை இதுதான். ஆட்டிசம் உள்ள வூ யோங் வூ, சட்டப் படிப்பில் முதலிடம் வாங்கியும் வேலை கிடைக்காமல் இருந்து, கடைசியில் சியோலின் ஹன்படா என்ற பெரிய சட்ட நிறுவனத்தில் சேர்கிறாள். அவளைத் தனியாளாக வளர்த்த அப்பா, கிம்பாப் என்ற கொரியச் சோற்றுச் சுருள் விற்கும் கடை வைத்திருக்கிறார். அதே அலுவலகத்தில் வழக்கு விசாரணைக்கு உதவும் லீ ஜூன் ஹோவுக்கும் அவளுக்கும் காதல் வருகிறது. 2022இல் ஈஎன்ஏ என்ற சின்னக் கேபிள் சேனலில் 16 எபிசோடுகள் வந்தன. முதல் எபிசோடின் ரேட்டிங் ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. கடைசி எபிசோடு 17.5 சதவீதம்.

பெரிய பலம், யோங் வூவாக நடித்த பார்க் உன் பின். 2023இல் கொரியாவின் பேக்சாங் விருது விழாவில் தொலைக்காட்சிப் பிரிவின் மிக உயர்ந்த விருது அவருக்குத்தான் போனது. யோங் வூ ஒரு அறைக்குள் நுழையும் முன் விரல்களை விட்டு எண்ணுவதையும், எதிராளியின் கண்ணைத் தவிர்த்து வேறெங்கோ பார்த்தபடி பேசுவதையும் கவனியுங்கள். எங்கேயும் நம்மிடம் இரக்கம் கேட்கும் நடிப்பு இல்லை.

காதல், சின்ன விஷயங்களில்தான் உயர்ந்து நிற்கிறது. அலுவலக வாசலில் ஒரு சுழல் கதவு. எந்த நொடியில் உள்ளே காலை வைப்பது என்று பிடிபடாமல் யோங் வூ தவிக்கிறாள். ஜூன் ஹோ அவளுக்கு வால்ட்ஸ் நடனத்தின் தாளத்தைச் சொல்லிக்கொடுக்கிறான். ஒன்று, இரண்டு, மூன்று. பின்னால் ஒரு இடத்தில், அவனைத் தனக்குப் பிடித்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, அவனைத் தொட்டால் தன் இதயத் துடிப்பு எவ்வளவு கூடுகிறது என்று அளக்க நினைக்கிறாள். அது அவளுடைய மொழி. அந்த மொழியை அவன் கற்றுக்கொள்ளும் காட்சிகள் எல்லாமே அருமை.

வழக்குகளில் மூன்றாம் எபிசோடுதான் எனக்கு உச்சம். அண்ணன் இறந்துபோகிறான், ஆட்டிசம் உள்ள தம்பிமேல் பழி விழுகிறது. யோங் வூவைப் பார்க்கும்போதெல்லாம் தங்கள் மகனோடு ஒப்பிடாமல் இருக்க முடியாமல் அந்தப் பெற்றோர் தவிக்கிறார்கள். அந்த இடத்தில் சித்தி ரிமோட்டை எடுத்து நிறுத்திவிட்டார். "இவ படிச்சா, கோர்ட்டுல பேசுறா. நம்ம புள்ள தண்ணி வேணும்னு வாய் திறந்து கேக்கவே ஏழு வருஷம் ஆச்சுப்பா" என்றார். தொடர்மேல் வைக்கப்படும் முக்கியமான குற்றச்சாட்டும் இதுதான்: ஆட்டிசம் என்றாலே அபார மூளை என்று காட்டிவிட்டார்கள். நியாயமான குற்றச்சாட்டு. ஆனால் எழுத்தாளர் மூன் ஜி வொன் அதைத் தெரிந்தே எழுதியிருக்கிறார் என்பதற்கு இந்த எபிசோடே சாட்சி. அந்தப் பெற்றோரின் வலியை அவர் மறைக்கவில்லை, ஆறுதல் சொல்லி மூடவும் இல்லை.

காதலும் கோர்ட்டும் உண்மையிலேயே ஒன்றை ஒன்று தொடுவது பத்தாம் எபிசோடில். அறிவுசார் குறைபாடுள்ள ஒரு பெண், தன்னைப் பயன்படுத்திக்கொண்டதாகக் குற்றம் சாட்டப்பட்டவனை நேசிப்பதாகச் சொல்கிறாள். அவளுடைய அம்மாவுக்கு அது கொடுமை. அவனுக்காக வாதாடும் யோங் வூ, மாற்றுத்திறனாளிக்கும் மோசமான ஒருவனை நேசிக்கும் உரிமை உண்டல்லவா என்று கேட்கிறாள். தீர்ப்பு அவனுக்கு எதிராகப் போகிறது. யார் பக்கம் நிற்பது என்று இன்றுவரை எனக்கு முடிவு இல்லை. அம்மாவின் பயமும் சரி, மகளின் ஆசையும் சரி. அதே எபிசோடில்தான் யோங் வூவின் முதல் முத்தம் வருகிறது என்பதால், இந்தக் கேள்வி அவளையும் சேர்த்தே கேட்கிறது.

இனி குறைகள். ஜூன் ஹோ நல்லவன், அழகன், பொறுமைசாலி. அதற்கு மேல் அவனைப் பற்றி 16 எபிசோடிலும் நமக்கு என்ன தெரிகிறது? அவனுக்கு என்ன கனவு, எதில் கோபம் வரும்? ஜேஜு தீவில் அவனுடைய அக்கா, நீ பார்த்துக்கொள்ள வேண்டிய பெண் வேண்டாம், உன்னைச் சந்தோஷமாக வைத்துக்கொள்ளும் பெண்ணாகக் கூட்டி வா என்கிறாள். யோங் வூ அதைக் கேட்டுவிடுகிறாள், விலகுகிறாள். கதையின் மிகக் கனமான கேள்வி அது. அதற்கு அவன் மனதுக்குள் போய்ப் பதில் தேடியிருக்க வேண்டும். பூனையை ஒருதலையாய்க் காதலிப்பது போல இருக்கிறது என்று அவன் சொல்ல, பூனையும் தன்னை வளர்ப்பவரை நேசிக்கும் என்று அவள் சொல்ல, சேர்ந்துவிடுகிறார்கள். வசனம் இனிமைதான். ஆனால் அக்காவின் கேள்வி அப்படியே நிற்கிறது.

பதிமூன்றாம் எபிசோடுக்குப் பிறகு கதை கலைகிறது. யோங் வூவின் மேலதிகாரியான மூத்த வக்கீலுக்குப் புற்றுநோய், அவளைப் பெற்ற தாயின் அரசியல், அதுவரை அவளுக்குக் குழிதோண்டிய சக வக்கீல் க்வோன் மின் வூவுக்கு அவசரமாக ஒரு காதல். போதாததற்கு, ஒவ்வொரு வழக்கிலும் யோசனை உதிக்கும்போது யோங் வூவின் முடி காற்றில் பறந்து, அவளுக்கு உயிரான திமிங்கலம் கற்பனையில் துள்ளுகிறது. முதல் நாலைந்து தடவை சிலிர்த்தது. பிறகு வழக்கை வாதாடி முடிக்காமல் தாண்டிப் போகும் குறுக்குவழியாகத்தான் பட்டது.

பாருங்கள் என்றே சொல்வேன். வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் மூன்றாம் எபிசோடை முதலில் நீங்கள் மட்டும் பாருங்கள். கடைசி எபிசோடைத் தவறவிடாதீர்கள். அதில் யோங் வூ அந்தச் சுழல் கதவைத் தனியாகக் கடந்து வருகிறாள். சித்தி அதை மறுபடி ஒருமுறை போடச் சொன்னார். பிறகு, தன் மகனை லிஃப்டில் ஏற்றிப் பழக்கிய கதையைச் சொல்ல ஆரம்பித்தார். முதல் மாதம் வெறுமனே வெளியே நின்று கதவு திறந்து மூடுவதை மட்டும் பார்த்தார்களாம்.