தான்சானியாவின் கிராமத்து மருந்துக் கடைகள்: கேள்வி பதில்

கேள்வி (பி.ஃபார்ம் மாணவி, மதுரை): தான்சானியக் கிராமங்களில் பட்டம் பெறாதவர்களும் ஆன்டிபயாட்டிக் விற்கலாமாமே? இது ஆபத்தில்லையா?

பதில்: பட்டதாரி மருந்தாளுநர்களில் பெரும்பாலோர் தாருஸ்ஸலாம் போன்ற நகரங்களிலேயே தங்கிவிடுவதால், கிராமத்தார் 'டுக்கா லா டவா பரிடி' எனப்படும் சிறு கடைகளையே நம்பியிருந்தனர். மருத்துவர் சீட்டு தேவைப்படாத மருந்துகளை மட்டுமே விற்கலாம் என்று சட்டம் சொன்னாலும், அங்கே ஆன்டிபயாட்டிக்கும் தாராளமாக விற்கப்பட்டது. 2003-இல் ருவுமா மாகாணத்தில் இதை மாற்றத் தொடங்கினார்கள். விற்பவருக்குச் சில வாரப் பயிற்சியளித்து, கடையை ஆய்வு செய்து, அமாக்ஸிசிலின் உள்ளிட்ட குறிப்பிட்ட சில மருந்துகளுக்கு மட்டும் அனுமதி வழங்கினார்கள். இவையே 'டுக்கா லா டவா முஹிமு', அதாவது அத்தியாவசிய மருந்துக் கடைகள். தடையால் நிற்காத விற்பனையைப் பயிற்சியால் ஒழுங்குபடுத்தியது சரியான முடிவு என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன்.

கேள்வி (செவிலியர், கோவை): சில வாரப் பயிற்சியில் என்ன கற்றுக்கொள்ள முடியும்?

பதில்: ருவுமாவின் தலைநகரான சொங்கேயா அருகே இப்படியொரு கடையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். மலேரியா உறுதியான குழந்தைக்குப் பாதி அட்டை மாத்திரை போதும் என்றார் தாய். கையில் அவ்வளவு காசுதான் இருந்தது. 2006 முதல் அங்கே முதல்நிலை மருந்தாக இருக்கும் ஆர்ட்டிமெத்தர்-லுமெஃபான்ட்ரினை மக்கள் 'டவா ம்சேட்டோ', அதாவது கூட்டு மருந்து, என்பார்கள். கடைக்காரப் பெண் குழந்தையை எடை பார்த்தார்; 11 கிலோ. அந்த எடைக்கு வேளைக்கு ஒன்றாக 3 நாளில் 6 மாத்திரை. காய்ச்சல் விட்டாலும் கிருமி மிச்சமிருக்கும் என்று விளக்கி, பாக்கிப் பணத்தைப் பிறகு தரச் சொல்லி முழு அட்டையையும் கொடுத்தார். முதல் மாத்திரையைப் பாலோடு அங்கேயே கொடுக்கச் செய்து, அடுத்தது 8 மணி நேரம் கழித்து என்பதைத் தாயின் வாயாலேயே திருப்பிச் சொல்லவைத்தார். அதைத்தான் அந்தப் பயிற்சி கற்றுக்கொடுத்திருந்தது.

கேள்வி (வாசகர், சேலம்): மருந்தின் தரத்தை யார் கண்காணிக்கிறார்கள்?

பதில்: 2019 முதல் டி.எம்.டி.ஏ. (தான்சானிய மருந்துகள், மருத்துவச் சாதனங்கள் ஆணையம்) என்ற பெயரில் இயங்கும் ஒழுங்குமுறை ஆணையம். 2018-இல் உலக சுகாதார நிறுவனத்தின் மூன்றாம் முதிர்ச்சி நிலையை, அதாவது நிலையாகவும் நன்றாகவும் இயங்கும் கண்காணிப்பு அமைப்பு என்ற தகுதியை, ஆப்பிரிக்காவிலேயே முதலில் எட்டிய அமைப்பு இதுதான். மருந்துகளில் பெரும்பகுதி இறக்குமதி என்பதாலும், அதில் இந்தியாவின் பங்கு பெரிது என்பதாலும், இங்கே ஆலையில் நேரும் பிழை அங்கே கிராமத்துக் குழந்தை வரை போய்ச் சேரும்.

கேள்வி (வாசகி, கரூர்): ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அரசு சுகாதார நிலையங்களில் மருந்து இலவசம் என்கிறார்களே?

பதில்: விதிப்படி இலவசம்தான். ஆனால் 1993-இல் அமைக்கப்பட்ட அரசு மருந்துக் கிடங்குத் துறையிலிருந்து வந்த இருப்பு தீர்ந்துவிட்டால், தாய் சீட்டோடு அதே கடைக்குத்தான் வந்து நிற்கிறார்.