பதில்: கிளைத் தலைவர் தெரிவு, கை தூக்குவதா சீட்டா?

தம்பி, உள்ளூராட்சித் தேர்தலில் தோற்றதும் களுவாஞ்சிகுடிப் பக்கம் உங்கள் கட்சிக் கிளைத் தலைவர் விலகிவிட்டார், அந்தக் கதிரைக்கு இரண்டு பேர் நிற்கிறார்கள், கை தூக்கி முடிப்பதா சீட்டுப் போடுவதா என்று கேட்டிருந்தீர்கள். சீட்டுத்தான். கை தூக்கச் சொன்னால் பக்கத்தில் இருக்கிற மச்சானின் முகத்தைப் பார்த்துத்தான் கை எழும்பும்.

ஆனால் பெரிய சிக்கல் வாக்காளர் பட்டியல். 2024 ஜனவரி 21இல் இலங்கைத் தமிழரசுக் கட்சி தன் தலைவரைத் தெரிய திருகோணமலையில் வாக்கெடுப்பு வைத்தது. சிறீதரன் 184, சுமந்திரன் 137. தெளிவான முடிவு. அப்படியிருந்தும் வாக்களித்தவர்கள் கட்சி யாப்புப்படி (கட்சியின் சட்டவிதிப்படி) வாக்களிக்க உரியவர்களா என்று வழக்கு வந்து, பெப்ரவரியில் நடக்கவிருந்த மாநாடே நின்றுபோனது.

எங்கள் கிளையிலும் (அம்பாறைப் பக்கம், கட்சிப் பெயர் வேண்டாமே) ஒருமுறை பிஸ்கட் டின்னுக்குள் 41 சீட்டு, வரவுக் கொப்பியில் 38 கையொப்பம். எண்ணிய வாத்தியார் டின்னை மூடிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். மறுபடி கூட்டம் கூட்ட இரண்டு மாதம் பிடித்தது.

ஆகவே முதலில் யாப்பை எடுத்து முன்னறிவித்தல் எத்தனை நாள், நிறைவெண் (கூட்டம் செல்லுபடியாக ஆகக் குறைந்தது வரவேண்டிய ஆட்கள்) எவ்வளவு என்று பாருங்கள். பட்டியலை ஒரு கிழமைக்கு முன்பே ஒட்டி, போட்டியாளர்கள் இருவரிடமும் கையொப்பம் வாங்குங்கள். கூட்டத்தன்று சீட்டைக் கொடுக்கும்போதே கொப்பியில் ஒப்பம். எண்ணுவதற்கு வேறு கிளையிலிருந்து ஒருவர் வரட்டும். அப்புறம், தோல்விக்கு யார் காரணம் என்ற கதையை அன்றைக்கு எடுக்கவே விடாதீர்கள். அதற்கு வேறொரு நாள் வட்டார வாக்குக் கணக்கோடு உட்காரலாம்.