கணினிக் கேள்வி – பதில்: சூமில் கூத்து ஏன் திக்கித் திக்கி ஆடுகிறது?

கேள்வி: நான் கூத்துப் பழக்கும் ஆசிரியை. வெளியூர்களில் இருக்கும் முப்பது மாணவர்களுக்குச் சனிக்கிழமைகளில் சூம் வழியாக வகுப்பு எடுக்கிறேன். வடமோடி ஆட்டத்தின் ஒளிப்பதிவைத் திரைப் பகிர்வில் காட்டும்போது என் மடிக்கணினியில் அது ஒழுங்காக ஓடுகிறது. மாணவர்களோ ஆட்டம் திக்கித் திக்கி வருகிறது என்றும், என் குரல் கேட்கிறது, மத்தளம் மட்டும் கேட்கவில்லை என்றும் சொல்கிறார்கள். என்னுடைய இணைப்புத்தான் காரணமா?
— ஆசிரியை ஒருவர், கல்லடி

பதில்: இணைப்பைக் குறை சொல்வதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். சந்திப்பில் உங்கள் முகம் ஒரு தரவு ஓடையாகவும், நீங்கள் பகிரும் திரை இன்னோர் ஓடையாகவும் தனித்தனியே போகின்றன. முகத்துக்கு அசைவுதான் முக்கியம். சற்று மங்கினாலும் யாரும் பொருட்படுத்துவதில்லை. பகிரப்படும் திரையில் பெரும்பாலும் எழுத்தும் அட்டவணையுமே இருக்கும் என்று எண்ணித்தான் மென்பொருளை அமைத்திருக்கிறார்கள். ஆகவே அது ஒவ்வொரு படத்தையும் கூர்மையாக அனுப்புவதிலேயே கண்ணாக இருந்து, விநாடிக்கு அனுப்பும் படங்களின் எண்ணிக்கையைக் குறைத்துவிடுகிறது. கணக்குத் தாளுக்கு அது தாராளம். உங்கள் ஒளிப்பதிவிலோ விநாடிக்கு 25 அல்லது 30 படங்கள் உண்டு. கால் தூக்கிய படம் மாணவரிடம் போய்ச் சேர, கால் ஊன்றிய படம் வழியிலேயே விடுபட்டுப் போனால், தாளக்கட்டுக்கு ஏற்ற அடவை அவர் எப்படிப் பிடிப்பார்?

இதற்குத் தீர்வு, திரையைப் பகிர முன் திறக்கும் சாளரத்தின் அடியிலேயே இருக்கிறது. ‘ஒப்டிமைஸ் ஃபோர் வீடியோ கிளிப்’ என்ற சிறு பெட்டியில் சரி அடையாளம் இட்டால், மென்பொருள் கூர்மையைச் சற்று விட்டுக்கொடுத்து அசைவைக் காப்பாற்றும். ஒளிப்பதிவு முடிந்து பாடல் வரிகளைக் காட்டும் வேளையில் அந்த அடையாளத்தை எடுத்துவிட மறக்க வேண்டாம். எடுக்காவிட்டால் எழுத்துகள் மங்கித் தெரியும். ஒரே நேரத்தில் இரண்டையும் முழுமையாகத் தரும் அளவுக்கு நம் வீட்டு இணைப்புகள் பெரும்பாலும் இடம் கொடுப்பதில்லை. ஆதலால் எது வேண்டும் என்பதை நாம்தான் கணினிக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மத்தளத்தின் கதை வேறு. அதே இடத்தில் உள்ள ‘ஷெயார் சவுண்ட்’ என்ற பெட்டியை நீங்கள் தொடவில்லை என்று நினைக்கிறேன். அப்படியானால் ஒளிப்பதிவின் ஒலி உங்கள் ஒலிபெருக்கி வழியாக அறைக்குள் வந்து, அங்கிருந்து ஒலிவாங்கிக்குள் நுழைய முயல்கிறது. அங்கே இரண்டு காவலர்கள் நிற்கிறார்கள். ஒலிபெருக்கியில் இருந்து வந்ததை எதிரொலி என்று ஒருவர் கழிப்பார். மனிதக் குரல் அல்லாததை இரைச்சல் என்று மற்றவர் கழிப்பார். மின்விசிறியின் சத்தத்துக்கும் கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் மத்தளத்துக்கும் வேறுபாடு அறியாத காவலர் அவர். ‘ஷெயார் சவுண்ட்’ இட்டால் ஒலி அறைக்குள் வந்து போகாமல் கணினிக்குள் இருந்தே நேராகப் போகும். நீங்களே மத்தளம் தட்டிக் காட்டுவதாக இருந்தால் அதற்கு வேறு அமைப்பு உண்டு: ஒலி அமைப்புகளில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்பதை இயக்கி, அந்த வேளையில் ஹெட்போன் அணிந்துகொள்ளுங்கள்.

முப்பது பேருக்கு அனுப்புவதால் இணைப்பும் முப்பது மடங்கு தேவைப்படும் என்று அஞ்ச வேண்டாம். உங்கள் கணினி சூமின் சேவையகத்துக்கு அனுப்புகிறது. பிரித்துக் கொடுப்பது சேவையகத்தின் வேலை. ஆனால் வீட்டு இணைப்புகளில் பதிவேற்றும் வேகம் பதிவிறக்கும் வேகத்தை விடக் குறைவாக இருப்பதே வழக்கம். அதனால் திரைப்படம் தடங்கலின்றி ஓடும் வீட்டிலும் திரைப் பகிர்வு திணறக்கூடும். பகிரும் நேரத்தில் உங்கள் கமராவை நிறுத்திவைத்தால் அந்தக் குறுகிய வழியில் ஓர் ஓடையாவது குறையும்.

இவ்வளவும் சொன்ன பிறகு என் சொந்தக் கருத்தையும் சொல்லிவிடுகிறேன்: கூத்துக்கு நேரடிப் பகிர்வு உகந்ததே அல்ல. ஒளிப்பதிவை முதல் நாளே வாட்ஸ்அப் குழுவில் ஆவணமாக அனுப்பிவிடுங்கள். காணொளியாக அனுப்பினால் அது சுருக்கித் தரத்தைக் குறைத்துவிடும். வகுப்பில் எல்லோரும் தத்தம் கைபேசியில் அதே இடத்தை ஓட்டிப் பார்க்க, நீங்கள் குரலால் மட்டும் விளக்கலாம். மாணவர் விரும்பிய அடவை மெதுவாக்கி, நிறுத்தி, பத்துத் தரம் பார்க்கவும் அதில் வழி இருக்கிறது.

கேள்வி: எங்கள் கோயில் பரிபாலன சபையின் கூட்டத்தில் இலண்டன், ரொறன்ரோ, சூரிச் அன்பர்களும் இணைகிறார்கள். பொருளாளர் கணக்கைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே ரொறன்ரோவில் இருக்கும் ஓர் அண்ணன் கோபுரத்தின் வரைபடத்தைப் பகிர, கணக்கு மறைந்துவிடுகிறது. போன முறை அது மனத்தாங்கலில் முடிந்தது. யாரிடம் தவறு?
— சபை உறுப்பினர், திருக்கோவில்

பதில்: அண்ணனிடம் அல்ல, அமைப்பில்தான் தவறு. இந்தச் சிக்கல் காணொளிச் சந்திப்பு அளவுக்குப் பழையது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2003இல் வெளியிட்ட எச்.239 என்ற நியமம், முகக் காணொளியோடு இரண்டாவது ஓடை ஒன்றை அனுப்ப வழி செய்ததோடு, அந்த ஓடைக்கு ஒரு ‘டோக்கன்’ முறையையும் வைத்தது. டோக்கனைக் கையில் வைத்திருப்பவர் மட்டுமே காட்டலாம்; மற்றவர் அதைக் கேட்டுப் பெற வேண்டும். இணைய நெறிமுறைகளை வகுக்கும் அமைப்பான ஐ.ஈ.ரி.எஃப். 2006இல் வகுத்த பி.எஃப்.சி.பி. என்ற நெறிமுறையும் இதையே செய்கிறது: ஒருவர் கேட்பார், தலைமை வகிப்பவர் கொடுப்பார் அல்லது மறுப்பார். அண்ணாவியார் வரவுப் பாட்டுப் பாட முன் எந்தக் கூத்தரும் ஆடுகளமாகிய களரிக்குள் காலடி வைப்பதில்லை அல்லவா, அதே ஒழுங்குதான்.

சூமில் இந்த அதிகாரம் சந்திப்பை நடத்தும் ‘ஹோஸ்ட்’ கையில் இருக்கிறது. திரைப் பகிர்வுப் பொத்தானின் அருகிலுள்ள அம்புக்குறியை அழுத்தினால் பகிர்வு அமைப்புகள் திறக்கும். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பகிரலாம் என்றும், இன்னொருவர் பகிர்ந்துகொண்டிருக்கும்போது ஹோஸ்ட் மட்டுமே புதிதாகத் தொடங்கலாம் என்றும் அங்கே வைத்துவிடுங்கள். பலர் ஒரே நேரத்தில் பகிரும் வசதியும் அதே இடத்தில் உண்டு. பெரிய திரை உள்ளவர்களுக்கு அது பயன்படும். கைபேசியில் இருக்கும் முதியவர் கணக்கையும் கோபுரத்தையும் சேர்த்து வாசிக்க முடியாது. ஆகவே நான் அதை உங்களுக்குச் சொல்லமாட்டேன்.

தலைவரின் வீட்டில் மின்சாரம் நின்றால் கூட்டம் தலையில்லாமல் நிற்கக் கூடாது. தொடக்கத்திலேயே வேறு ஊரில் இருக்கும் ஒருவரை இணை ஹோஸ்ட் ஆக்கிவிடுங்கள். நீங்கள் இலங்கை நேரப்படி இரவு 7.30க்குக் கூட்டம் வைத்தால், கோடை காலத்தில் ரொறன்ரோவில் காலை 10 மணி. நம்மவருக்கு அலுப்பும் அவர்களுக்கு உற்சாகமும் மிகுந்த வேளை அது என்பதையும் மனத்தில் வைத்தால் அண்ணன் மீதான கோபம் சற்றுத் தணியலாம்.

பொருளாளருக்கும் ஒரு சொல். முழுத் திரையையும் பகிராமல் கணக்குச் சாளரத்தை மட்டும் பகிரச் சொல்லுங்கள். நான் ஒருமுறை முழுத் திரையைப் பகிர்ந்து விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தபோது, “மீன்காரர் வந்திட்டார், காசு எங்க வச்ச நீங்க?” என்ற வீட்டுச் செய்தி நாற்பது பேர் முன்னிலையில் திரையின் மூலையில் எழுந்தது.

கேள்வி: கூகுள் மீட்டில் யூடியூப் காணொளியைக் காட்டினால் பிள்ளைகளுக்கு ஒலி போவதில்லை.
— தனியார் வகுப்பு ஆசிரியர், கல்முனை

பதில்: சாளரத்தைப் பகிராமல் குரோம் உலாவியின் தாவலை (‘டாப்’) மட்டும் பகிருங்கள். தாவலின் ஒலியையும் பகிரவா என்று கேட்கும் தெரிவை இயக்குங்கள். அசைவும் அதில்தான் சீராக வரும்.

கேள்வி: விரிவுரையாளர் அடுத்த பக்கத்துக்கு மாறியதும் என் கைபேசியில் எழுத்துகள் சில விநாடிகள் கலங்கித் தெரிந்து பிறகு தெளிகின்றன. டேட்டாவும் விரைவாகத் தீர்கிறது. வழி உண்டா?
— மாணவர், ஒலுவில்

பதில்: மாறாத திரையை அனுப்புவது மிக எளிது, முந்திய படத்தில் இருந்து மாறிய பகுதியை மட்டும் அனுப்பினால் போதும். பக்கம் புரண்டதும் முழுத் திரையும் புதிதாகிறது. அவ்வளவையும் ஒரே மூச்சில் உங்கள் இணைப்புக்குள் தள்ள முடியாததால், முதலில் கலங்கிய படம் வந்து, பின்னர் விவரங்கள் சேரச் சேரத் தெளிகிறது. ஒவ்வொரு வரியாகப் பறந்து வந்து அமரும் அலங்காரங்கள் இதை மேலும் மோசமாக்கும் என்று விரிவுரையாளரிடம் பணிவாகச் சொல்லிப் பாருங்கள்.

டேட்டாவைத் தின்பது பாடப் பக்கம் அல்ல, முகங்கள். சூம் தரும் கணக்கின்படி முகங்கள் இல்லாத திரைப் பகிர்வுக்கு விநாடிக்கு 50 முதல் 75 கிலோபிட்டும், குரலுக்கு 60 முதல் 80 கிலோபிட்டும் போதும். மேல் அளவுகளையே எடுத்தாலும் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 70 மெகாபைட்தான். குழுவாக முகங்களைப் பார்ப்பதற்கு விநாடிக்கு 600 கிலோபிட் என்று கொண்டால் அதுவே மணிக்கு 270 மெகாபைட் ஆகும். உங்கள் கமராவை நிறுத்துவதால் மிச்சமாவது நீங்கள் அனுப்புவது மட்டுமே. மற்றவர்களின் முகங்கள் வந்துகொண்டேதான் இருக்கும். சந்திப்பின் மெனுவில் ‘ஸ்டொப் இன்கமிங் வீடியோ’ என்பதைத் தேடி அழுத்துங்கள். முகங்கள் மறையும், பகிரப்பட்ட பக்கம் அப்படியே இருக்கும்.