முழுத் திட்டம் தெரியாமல் தேவனுக்குக் கீழ்ப்படிவது கண்மூடித்தனமா?

தேவனுடைய திட்டம் முழுவதும் தெரியாத நிலையில் அவருக்குக் கீழ்ப்படிவது கண்மூடித்தனம் ஆகிவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குப் பெரும்பாலோர் ஆபிரகாமை எடுத்துக்காட்டுவார்கள். 75 வயதில், போகும் இடம் இன்னதென்று அறியாமலே ஆரானை விட்டுப் புறப்பட்டவர் அவர். ஆயினும், இந்தக் கேள்வியில் எனக்கு மிகுதியும் உதவியது எரேமியா புத்தகத்தின் 32-ஆம் அதிகாரம்.

பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. நகரம் பிடிபடும் என்று அறிவித்ததற்காகத் தீர்க்கதரிசியான எரேமியா காவலில் வைக்கப்பட்டிருக்கிறார். அந்த வேளையில், ஆனதோத்தில் உள்ள உறவினரின் நிலத்தை விலைக்கு வாங்கும்படி தேவன் சொல்கிறார். பகைவர் கைக்குப் போகவிருக்கும் நாட்டில் நிலம் வாங்க யாருக்கு மனம் வரும்? எரேமியாவோ 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். சாட்சிகளை வைத்துப் பத்திரத்தில் கையெழுத்திட்டு முத்திரை போடுகிறார். முத்திரையிட்ட பத்திரத்தையும் திறந்த பிரதியையும், நெடுநாள் கெடாமல் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்குமாறு தம் எழுத்தரான பாருக்கிடம் ஒப்படைக்கிறார். இந்நாட்டில் வீடுகளும் நிலங்களும் திராட்சத்தோட்டங்களும் மீண்டும் வாங்கப்படும் என்ற வாக்கு அவரிடம் இருந்தது. ஆனால், அழியப்போகும் நகரத்துக்கும் அந்த வாக்குக்கும் என்ன பொருத்தம் என்பது அவருக்கு விளங்கவில்லை. அதனால்தான் பத்திரத்தைக் கொடுத்து முடித்தபின் ஜெபத்தில் நின்று, நகரம் கல்தேயர் (பாபிலோனியர்) கையில் கொடுக்கப்படுகிறது, நீரோ நிலத்தை வாங்கச் சொன்னீரே என்று மனம்விட்டுக் கேட்கிறார்.

எனக்கு இந்த வரிசைதான் முக்கியமாகப் படுகிறது. பதில் கிடைக்கும்வரை அவர் கீழ்ப்படிதலைத் தள்ளிப்போடவில்லை. கீழ்ப்படிந்துவிட்டதால் கேள்வியை விழுங்கிக்கொள்ளவும் இல்லை. தேவனும் கேட்டதற்காக அவரைக் கடிந்துகொள்ளாமல் விரிவாகப் பதில் தருகிறார். இன்னொன்றையும் கவனியுங்கள்: உறவினர் வருவார் என்று முன்னரே சொல்லப்பட்டபடி அவர் நேரில் வந்து நின்றபோதே, இது கர்த்தருடைய வார்த்தை என்று எரேமியா அறிந்துகொள்கிறார். இதைக் கண்மூடித்தனம் என்று எவ்வாறு சொல்ல முடியும்? சொன்னவர் யார் என்பது அவருக்கு உறுதியாகத் தெரிந்திருந்தது. முடிவு எப்படி அமையும் என்பதே தெரியாதிருந்தது.

என் வாழ்வில் இது சோதிக்கப்பட்டது, என் தாயார் படுத்த படுக்கையானபோது. வேலையை விட்டு அவர் அருகில் இருப்பதா என்று நான் கலங்கினேன். வருமானம், பிற்காலம் எதற்கும் விடை தெரியவில்லை. தாயைக் கனம்பண்ணு என்ற கட்டளை மட்டும் தெளிவாக இருந்தது. மறைவானவை கர்த்தருக்கே உரியவை, வெளிப்படுத்தப்பட்டவை நமக்கு உரியவை என்று உபாகமம் 29:29 சொல்வது அன்றுதான் எனக்கு ஆறுதலாயிற்று. படுக்கைப்புண் வராதிருக்க அவரைப் பக்கம் மாற்றிப் படுக்க வைப்பது, விழுங்க முடியாத மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பது, இரவில் அவர் கேட்கும் சங்கீதத்தை வாசிப்பது என அன்றன்றைக்கு உரியது அன்றன்றைக்குத் தெரிந்தது. அவ்வளவே போதுமானதாகவும் இருந்தது. எல்லோரும் வேலையை விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பொருளீட்டித் தாயைக் காப்பதும் கனம்பண்ணுவதே.

தெளிவான கட்டளை இல்லாத இடங்களில், உதாரணமாக இரண்டும் நல்லதாகத் தோன்றும் இரு வழிகளுக்கு நடுவில், ஜெபித்து, விவரம் அறிந்தவர்களிடம் ஆலோசனை கேட்டு, ஒன்றைத் தேர்ந்து நடப்பதில் தவறில்லை. அப்போஸ்தலர் 16-இல் பவுல் ஆசியாவில் (அன்றைய ரோம மாகாணம்) வசனத்தைச் சொல்லத் தடுக்கப்படுகிறார், பித்தினியாவுக்குப் போக முயன்று அங்கும் தடுக்கப்படுகிறார், பின்பு துரோவாவில்தான் மக்கெதோனியாவுக்கான அழைப்பைத் தரிசனத்தில் காண்கிறார். வழி அடைபட்டதைக் கொண்டு தேவன் தம்மைக் கைவிட்டார் என்று அவர் எண்ணியதாக அங்கே இல்லை. அழைப்பைப் பின்பற்றிப் போன மக்கெதோனிய நகரமான பிலிப்பியிலும் அவருக்கு அடியும் சிறையும் கிடைத்தன. ஆகவே, எடுத்த முடிவு இன்பமாக முடிந்ததா என்பதை வைத்து, அது தேவ சித்தமா என்று அளக்காதீர்கள். என் தாயார் குணமாகவில்லை. ஏன் என்று தேவனிடம் இன்றும் கேட்கிறேன். தாயாரின் அருகில் இருந்தது சரிதானா என்ற சந்தேகம் மட்டும் எனக்கு ஒருபோதும் எழுந்ததில்லை.