உடல் குறைபாட்டோடு வாழ்பவர்களின் சொந்தக் கதைகளைப் படிப்பதால் என்ன பயன்? எதைப் படிக்கலாம்?

எனக்குச் சின்ன வயதில் போலியோ வந்தது. வலது காலில் காலிபர், அதாவது காலைத் தாங்கும் இரும்புச் சட்டம். ஆகவே இதில் நான் நடுநிலையான ஆள் கிடையாது.

மனதுக்குத் தெம்பு வேண்டும் என்பதற்காகப் படிப்பதாக இருந்தால் வேண்டாம். வாரப் பத்திரிகைகளில் வரும் ‘சாதனையாளர்’ கட்டுரைகளில் அந்த ஆள் கழிப்பறைக்கு எப்படிப் போகிறார், பஸ்ஸின் முதல் படியில் எதைப் பிடித்து ஏறுகிறார் என்று ஒரு வரி இருக்காது. படித்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ‘நமக்கெல்லாம் என்ன குறை’ என்பார். அதோடு சரி. ஆஸ்திரேலியாவின் ஸ்டெல்லா யங் சக்கர நாற்காலியில் இருந்தவர், நகைச்சுவைக் கலைஞர். படிக்கட்டைப் பார்த்து எவ்வளவுதான் சிரித்தாலும் அது சாய்தளமாக மாறிவிடாது என்று 2014இல் மேடையிலேயே போட்டு உடைத்தார்.

அவரவரே எழுதியதைப் படியுங்கள். பிரெஞ்சுப் பத்திரிகை ஆசிரியர் ழான் டொமினிக் போபிக்கு 1995 டிசம்பரில் பக்கவாதம் வந்தது. அதன்பின் அவர் பேச்சுக்கு மிஞ்சியது இடது கண் இமை மட்டும். எதிரில் இருப்பவர் எழுத்துகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வர, வேண்டியது வந்ததும் இமைப்பார். அகரவரிசை கிடையாது, பிரெஞ்சில் அதிகம் புழங்கும் எழுத்து முன்னால். அப்படியே ஒரு புத்தகம். அது 1997இல் வந்து சில நாளில் இறந்துவிட்டார். எல்லோரும் அந்த இமையைத்தான் மெச்சுகிறார்கள். எனக்குப் பிடித்தது வேறு: டிவியில் கால்பந்து ஓடிக்கொண்டிருக்க, பாதி ஆட்டத்தில் மருத்துவமனை ஊழியர் அணைத்துவிட்டுப் போய்விடுகிறார். மனிதருக்கு வந்த எரிச்சல் இருக்கிறதே! அதை வெளியிலிருந்து பேட்டி எடுப்பவர் எழுதவே மாட்டார்.

நான் எழுதினால் பேன்ட்டைப் பற்றித்தான் எழுதுவேன். உட்கார்ந்ததும் முழங்கால் பக்கத்து இரும்பு வளையத்தை மேலே தூக்கினால்தான் கால் மடங்கும். எழும்போது காலை நீட்டினால் வளையம் இறங்கிப் பூட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் உராய்ந்து உராய்ந்து எந்தத் துணியும் நைந்துவிடும். தையற்காரர் உள்பக்கம் ஒட்டுப்போட்டே தருகிறார்.

பர்மிங்காம் பேராசிரியர் ஜான் ஹல் பார்வை போனபின் கேசட்டில் நாட்குறிப்பு பேசி வைத்தார். 1990இல் அது நூலானது. மழையைப் பற்றி அதில் ஒரு பகுதி வரும். கூரை, புதர், நடைபாதை என்று ஒவ்வொன்றிலும் வேறு வேறு சத்தத்தோடு விழுவதால், மழை பெய்யும்போதுதான் தோட்டம் முழுவதும் அவருக்குத் தெரிகிறதாம். ஆங்கிலம் படிப்பீர்கள் என்றால் இதிலிருந்து தொடங்கலாம். நிதானமாகப் படியுங்கள், வேகமாகப் போனால் ஒன்றும் நிற்காது.

இன்னொன்று. நம் நாட்டின் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. ஹீமோபிலியா, தலசீமியா போன்ற ரத்தக் கோளாறுகள்கூட உண்டு. பார்த்தால் தெரியாதவை. என் காலிபரைப் பார்த்துப் பஸ்ஸில் எழுந்து இடம் தருகிறார்கள். இப்படிப்பட்ட குறைபாடு உள்ளவர்கள் அடையாள அட்டையை நீட்டினாலும் ஏற இறங்கப் பார்க்கிறார்கள். இந்தக் குறைபாடு உள்ளவர்களில் யாராவது தமிழில் தம் கதையை எழுதியிருந்தால் கருத்தில் சொல்லுங்கள், நானும் தேடிக்கொண்டிருக்கிறேன்.